வயர்லெஸ் மவுஸ் மேசையில் நகர மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயர்லெஸ் மவுஸை நகர்த்தியும் கர்சர் நகரவில்லை என்றால் பலர் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள், பிறகு டிரைவரைத் தேடுகிறார்கள், கடைசியில் புது மவுஸ் வாங்கிவிடுகிறார்கள். மவுஸைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், இல்லாவிட்டால் மவுஸை வைத்திருக்கும் மேசையில் இருக்கும். நல்ல மவுஸ்கள் குப்பைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கிளிக் ஆகிறது, சக்கரத்தை உருட்டினால் பக்கமும் நகர்கிறது. கர்சர் மட்டும் அசையவில்லை. மவுஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கிளிக் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்றால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ரேடியோ இணைப்பு இருக்கிறது, கணினியில் செருகியிருக்கும் ரிசீவரும் நன்றாக இருக்கிறது. ஒரே கிளிக்கில் இத்தனையும் தெரிந்துவிடும். மிச்சம் இரண்டுதான்: மவுஸின் அடியில் உள்ள சென்சார், அது பார்க்கும் பரப்பு.

ஒரு வெள்ளை ஏ4 தாளை மேசைமேல் வைத்து அதில் மவுஸை நகர்த்துங்கள். ஜெராக்ஸ் எடுக்கப் பயன்படும் சாதாரணத் தாள் போதும், வழவழப்பான போட்டோ பேப்பர் வேண்டாம். தாளில் கர்சர் ஒழுங்காக ஓடினால் கோளாறு மேசையில். தாளிலும் அசையாவிட்டால் மவுஸைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கிளிக்கும் இல்லை, கர்சரும் இல்லை என்றால் மட்டும் பேட்டரி, சுவிட்ச், ரிசீவர் பக்கம் போங்கள். வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் இந்தத் தாள் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மேசையை மாற்றினால் சரியாகிவிடுகிறதே, அது எப்படி?

மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கேமரா. பக்கவாட்டிலிருந்து ஒரு எல்ஈடி தாழ்வான கோணத்தில் பரப்பின்மேல் ஒளி வீசுகிறது. நம் விரலுக்குத் தட்டுப்படாத மேடுபள்ளங்கள்கூட அந்தச் சாய்ந்த ஒளியில் நிழல் காட்டுகின்றன. நேர்கீழே பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார் அந்த நிழல்களை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடிக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே புள்ளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று உள்ளே இருக்கும் சிப் கணக்கிட்டு, கர்சரை அவ்வளவு நகர்த்தச் சொல்கிறது. பழைய சென்சார்கள் சிலவற்றில் அந்தப் படத்தின் அளவு 16க்கு 16 பிக்சல்தான். அவ்வளவு சிறிய படத்தை வைத்துத்தான் இத்தனை வேலையும் நடக்கிறது.

ஆக, மவுஸுக்கு வேண்டியது படத்துக்குப் படம் அடையாளம் காணக்கூடிய ஏதோ ஒரு சொரசொரப்பு. அது இல்லாவிட்டால், கரையே தெரியாத நடுக்கடலில் தோணி நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத நிலைதான் அதற்கும். மவுஸ் நகர்ந்துகொண்டிருக்கும், சென்சாரோ ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு ‘நகரவில்லை’ என்று கணினிக்குச் சொல்லும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் கிர்ஷும் ஜெராக்ஸ் நிறுவனத்தில் ரிச்சர்ட் லயனும் தனித்தனியே ஒளியால் இயங்கும் மவுஸை உருவாக்கியபோது, அவற்றுக்கென்றே கோடுகளோ புள்ளிகளோ அச்சிட்ட தனிப் பலகை தேவைப்பட்டது. சாதாரண மேசையிலேயே ஓடக்கூடிய ஆப்டிகல் மவுஸ் 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் வந்த பிறகுதான் பரவலானது. பலகையின் தேவை அன்று போனது. பரப்பின் தேவை இன்றும் போகவில்லை.

எந்தெந்தப் பரப்புகளில் இந்தத் தொல்லை வரும்?

முதலிடம் கண்ணாடிக்கு. ஒளி அதற்குள் புகுந்து போய்விடுகிறது, திரும்பி வருவது மிகக் குறைவு. முகம் பார்க்கும் கண்ணாடியும், மெருகேற்றிய கறுப்பு கிரானைட்டும், பளபளக்கும் சன்மைக்காவும் வேறு விதத்தில் ஏமாற்றுகின்றன. அவற்றில் பட்ட ஒளி வந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், நேர் மேலே இருக்கும் சென்சாருக்கு எட்டாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் சமையலறை கிரானைட் மேடையிலோ, வழவழப்பான டைல்ஸ் தரையில் உட்கார்ந்தோ லேப்டாப்பை வைத்துக்கொள்ளும்போது மவுஸ் திடீரென்று தகராறு செய்வது இதனால்தான். அதே கிரானைட், மெருகேற்றாமல் சொரசொரப்பாக இருந்தால் பிரச்சினையே இருக்காது.

செய்தித்தாளை விரித்து அதன்மேல் மவுஸை வைப்பவர்கள் உண்டு. எழுத்துகள் உள்ள இடத்தில் நன்றாக ஓடும். படம் அச்சாகியிருக்கும் இடத்துக்கு வந்தால் கர்சர் தடுமாறலாம். அச்சுப் படம் என்பது சீரான இடைவெளியில் அமைந்த புள்ளிக் கூட்டம். ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் சென்சார் தப்புக் கணக்குப் போடும். படம் அச்சிட்ட மலிவான மவுஸ் பேடிலும் இதே சிக்கல் வரலாம்.

பெட்ஷீட், சோபாத் துணி போன்றவற்றில் சிக்கல் உயரம். துணி அமுங்கும், மேலெழும், மவுஸுக்கும் பரப்புக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆப்டிகல் மவுஸின் லென்ஸ் மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். பரவலாகப் பயன்பட்ட சென்சார்களில் அந்தத் தூரம் சுமார் 2.4 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கூடுவதையும் குறைவதையும் மட்டுமே தாங்கும்.

என்னிடம் இருப்பது கண்ணாடி மேசைதான். மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

மவுஸ் ஓடும் இடத்தில் மட்டும் ஒரு தாளையோ மெல்லிய அட்டையையோ டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பழுப்பு நிற அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தாலும் நன்றாகவே ஓடும். மேசையின் அழகு கெடுவது பிடிக்காவிட்டால், ஒரே நிறத்தில் இருக்கும் துணி மவுஸ் பேட் ஒன்று வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாயில் தீரும் பிரச்சினைக்கு விலை உயர்ந்த மவுஸ் வாங்கத் தேவையில்லை.

கண்ணாடியிலேயே ஓட வேண்டும் என்றால் அதற்கென்று செய்யப்பட்ட மவுஸும் உண்டு. லாஜிடெக் 2009இல் டார்க்ஃபீல்ட் என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. நுண்ணோக்கியில் பயன்படும் ஓர் உத்தி அது: பளிங்குபோன்ற கண்ணாடியை விட்டுவிட்டு அதன்மேல் இருக்கும் நுண்தூசியையும் கீறல்களையும் மட்டும் இருட்டுப் பின்னணியில் ஒளிரும் புள்ளிகளாகப் பார்ப்பது. கண்ணாடி 4 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த புளூட்ராக் என்ற தொழில்நுட்பம் கிரானைட், கம்பளம், மரம் போன்றவற்றில் நன்றாக ஓடும், தெளிந்த கண்ணாடியில் ஓடாது. பெட்டியில் ‘லேசர்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிக் கண்ணாடி மேசைக்கு வாங்கிவிடாதீர்கள். லேசர் மவுஸ் பளபளப்பான பரப்புகளைச் சாதாரண எல்ஈடி மவுஸைவிட நன்றாகப் படிக்கும், ஆனால் தெளிந்த கண்ணாடியில் அதுவும் திணறும்.

மவுஸின் அடியில் சிவப்பு விளக்கே எரியவில்லை. சென்சார் செத்துவிட்டதா?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். பேட்டரியில் ஓடும் மவுஸ்கள் பலவற்றில் இருப்பது அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமராவைத் திறந்து மவுஸின் அடிப்பக்கத்தை அதில் பாருங்கள். மங்கலான வெள்ளை அல்லது ஊதா ஒளி தெரிந்தால் எல்ஈடி வேலை செய்கிறது. பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும், அதனால் முன்பக்கக் கேமராவிலும் ஒருமுறை பாருங்கள். பார்ப்பதற்கு முன்பு ஒரு பட்டனை அழுத்தி மவுஸை எழுப்பிவிட வேண்டும், உறங்கும் மவுஸில் ஒளி இருக்காது.

லேசர் மவுஸ் என்றால் துளையைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்கும் வேலை வேண்டாம். கேமரா வழியாகப் பார்ப்பதே நல்லது.

நான் தொடாமலே கர்சர் நடுங்குகிறது, சில சமயம் தானாக ஊர்ந்து போகிறது. வைரஸா?

பெரும்பாலும் ஒரு முடியாகத்தான் இருக்கும். லென்ஸ் துளைக்குள் ஒரு தலைமுடியோ துணி இழையோ சிக்கிக்கொண்டு காற்றில் ஆடினால், பரப்பே அசைவதாக மவுஸ் எண்ணிக்கொள்ளும். மவுஸைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். கர்சர் நின்றுவிட்டால் பரப்பில் குறை, பளபளப்பான மேசையில் இப்படி நடுங்குவது வழக்கம். தூக்கிய பிறகும் ஊர்ந்தால் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

மவுஸை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் புகைப்படக் கருவிக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதியால் ஊதித் தூசியை வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி லென்ஸில் படியும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, லென்ஸை அழுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றித் துடையுங்கள். குச்சியிலிருந்து பஞ்சு இழை உள்ளே தங்கிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நன்றாக உலர்ந்த பிறகு இயக்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் கூடவே கூடாது. லென்ஸ் பிளாஸ்டிக்கால் ஆனது, அசிட்டோன் பட்டால் பனி மூடியதுபோல் வெளுத்துவிடும், பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

இடம் வலமாகப் போகிறது, மேலும் கீழும் போக மறுக்கிறது. இது என்ன கோளாறு?

மேசையைக் கூர்ந்து பாருங்கள். ஒரே திசையில் கோடு ஓடும் பரப்பா? மரக்கோடு போட்ட லாமினேட், தேய்த்து மெருகூட்டிய எஃகு போன்றவற்றில் கோட்டுக்குக் குறுக்கே நகரும்போது சென்சாருக்கு மாற்றம் தெரியும், கோட்டின் நீளவாக்கிலேயே நகர்ந்தால் எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கும். மவுஸ் பேடையோ கீபோர்டையோ நகர்த்திவிட்டு, பக்கவாட்டிலிருந்து உட்கார்ந்து அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது மேலும் கீழும் சரியாகி இடம் வலம் தகராறு செய்தால் குற்றவாளி அந்தக் கோடுகள்தான். எந்தப் பக்கமிருந்து ஓட்டினாலும் ஒரே குறை என்றால் லென்ஸுக்குள் இழை இருக்கிறதா என்று பாருங்கள்.

நேற்றுதான் வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்ததிலிருந்தே நகரவில்லையே?

அடிப்பக்கத்தில் கண்ணாடிபோன்ற பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கிறதா, பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் இழுத்தெடுக்க வேண்டிய பிளாஸ்டிக் நாடா இருக்கிறதா, அடியில் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ரிசீவர் பெரும்பாலும் பேட்டரி மூடிக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். இவையெல்லாம் சரி, தாள் சோதனையிலும் தோற்றது என்றால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். புது மவுஸைத் திறந்து பார்க்க வேண்டாம், வாரன்ட்டி போய்விடும்.

மவுஸ் பேடில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். முன்பு நன்றாக இருந்தது, இப்போது தடுமாறுகிறது.

பேடின் நடுப்பகுதியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கை எண்ணெயும் வியர்வையும் படிந்து அந்த இடம் மட்டும் மினுங்கும். துணிப் பேட் என்றால் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, நிழலில் முழுவதும் காயவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ரப்பர் அடிப்பக்கம் காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

இன்னொன்று, மவுஸின் பாதங்கள். அடியில் ஒட்டியிருக்கும் வழவழப்பான டெஃப்லான் துண்டுகள் தேய்ந்தோ ஒன்று மட்டும் பிய்ந்தோ போனால் மவுஸ் ஒரு பக்கம் சாயும், மேலே சொன்ன 2.4 மில்லிமீட்டர் கணக்குத் தவறும். அவற்றின் ஓரத்தில் சேரும் கறுப்பு அழுக்கும் மவுஸைத் தூக்கிவிடும், அதை நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடலாம். பாதங்கள் தனியாகவும் விற்கின்றன.

கர்சர் நகர்கிறது, ஆனால் விட்டுவிட்டுக் குதிக்கிறது. கிளிக்கும் சில சமயம் தாமதமாகிறது. இதுவும் மேசைக் கோளாறா?

இல்லை, இது ரேடியோக் கோளாறு. கர்சர் மட்டும் தடுமாறினால் பரப்பு. கிளிக்கும் சேர்ந்து தடுமாறினால் இணைப்பு. இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ரிசீவரோடு வரும் வயர்லெஸ் மவுஸ்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பலருக்குத் தெரியாத இன்னொரு எதிரி யுஎஸ்பி 3.0. அதன் தரவுப் பரிமாற்றத்திலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுந்து அருகிலுள்ள வயர்லெஸ் மவுஸைப் பாதிக்கிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதற்கு ஒட்டியே மவுஸ் ரிசீவரையும் செருகியிருந்தால், கோப்பு நகலெடுக்கும்போதெல்லாம் மவுஸ் திக்கும். நகலெடுத்து முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும், அதனால் காரணம் பிடிபடாமலே போகும்.

ரிசீவரைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 துளைக்கு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளியிருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் அப்படி இடமில்லை என்றால் ஒரு சிறிய யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைச் செருகி மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வையுங்கள். மேசைக்கணினியில் பின்பக்கத் துளையில் செருகினால் ரிசீவருக்கும் மவுஸுக்கும் நடுவில் இரும்புப் பெட்டி முழுவதும் சுவராக நிற்கும், அதற்கும் இதே கேபிள்தான் மருந்து. இரும்பு மேசை வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதும் உதவும்.

பேட்டரி குறைந்தால் எப்படித் தெரியும்?

தூரம் முதலில் குறையும். ரிசீவருக்கு அருகில் கொண்டுபோனால் ஓடும், தள்ளிப் போனால் திக்கும். ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் ஆகும் நிக்கல் செல் 1.2 வோல்ட். பெரும்பாலான மவுஸ்கள் இதைத் தாங்கும், ஆனால் பேட்டரி குறைந்துவிட்டது என்ற விளக்கு முன்கூட்டியே எரியலாம். இரண்டு செல் போடும் மவுஸில் பழையதும் புதியதும் கலக்காதீர்கள்.

மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்த செல்லால் தகடு வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தால், வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். செல்லிலிருந்து கசிந்தது கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது தோலை அரிக்கும்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மவுஸ் எழுந்திருக்க நேரம் எடுக்கிறது.

பேட்டரியைச் சேமிக்க மவுஸ் உறங்குவது இயல்பு, ஒரு கிளிக்கில் எழுந்துவிடும். அதற்கும் மேல் தாமதமானால் விண்டோஸ் அந்த யுஎஸ்பி துளையின் மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

நகர்கிறது, ஆனால் ஆமை வேகம். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக மூன்று முறை மவுஸைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

டிபிஐ பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கும். பல மவுஸ்களில் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும், கர்சர் வேகத்தை மாற்றும் சின்ன பட்டன் அது. 1000 டிபிஐ என்றால் மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது 1000 எண்ணிக்கை அனுப்பும். விண்டோஸில் வேகத்தை நடுவில் வைத்து, கை வேகத்துக்கேற்பக் கர்சர் வேகத்தை மாற்றும் என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் என்ற வசதியையும் நிறுத்திவிட்டால், 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு அங்குலம் போதும். அதைவிட மிக அதிகமாக நகர்த்த வேண்டியிருந்தால் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அமைப்பு சரியாக இருந்தும் மந்தமாக இருந்தால் மறுபடி தாள் சோதனைக்கு வாருங்கள், மோசமான பரப்பில் சில நகர்வுகள் கணக்கில் வராமல் போவதும் மந்தமாகவே தெரியும்.

கீழே விழுந்த பிறகுதான் இப்படி ஆனது. சரி செய்ய முடியுமா?

காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் லென்ஸ் தன் இடத்திலிருந்து நழுவியிருக்கலாம். வாரன்ட்டி முடிந்த மவுஸ் என்றால் திறந்து பார்க்கலாம். செல்லைக் கழற்றிவிட்டு, பாதங்களுக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தேடுங்கள். லென்ஸ் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் துண்டு, சர்க்யூட் போர்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திரும்ப அதன் பள்ளத்தில் உட்கார வைத்தால், பல மவுஸ்கள் அந்த நிமிடமே ஓடத் தொடங்கிவிடும். லித்தியம் பேட்டரி உள்ளேயே பொருத்திய மவுஸ் என்றால் நீங்களே நெம்பித் திறக்க வேண்டாம், பேட்டரியில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் தீப்பிடிக்கும்.

ரிசீவரைத் தொலைத்துவிட்டேன். வேறு மவுஸின் ரிசீவர் பொருந்துமா?

பொதுவாகப் பொருந்தாது. ஒவ்வொரு ரிசீவரும் தன் மவுஸோடு தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டு வருகிறது. லாஜிடெக்கின் யுனிஃபையிங், போல்ட் போன்ற வகைகளில் மட்டும் அதே வகை ரிசீவர் தனியாகக் கிடைக்கும், அந்த நிறுவனத்தின் மென்பொருளால் இணைத்துக்கொள்ளலாம். யுனிஃபையிங் மவுஸுக்குப் போல்ட் ரிசீவர் ஒத்துப்போகாது, போல்ட் மவுஸுக்கு யுனிஃபையிங்கும் ஒத்துப்போகாது, மவுஸின் அடியில் உள்ள குறியைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் மவுஸில் புளூடூத்தும் இருந்தால் ரிசீவரே வேண்டியதில்லை, அடியில் இருக்கும் சேனல் பட்டனை மாற்றிக் கணினியின் புளூடூத்தில் தேடினால் போதும்.